மூன்றாவது வளைவில் ஐந்து சுற்று

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு உன்மேல் கோபம். "அவ ஆபீஸையே கட்டிக்கிட்டா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாள். போனில் பேசலாம் என்றால், வீட்டில் அம்மா கேட்பாள், கேளிக்கைப் பூங்காவில் எங்கே நின்றாலும் மேலாளரின் காது கூடவே வருகிறது. அதனால்தான் காகிதம்.

நீ வரைந்த ரோலர் கோஸ்டரை உன் தம்பியே ஃபிட்டராக நின்று பூட்டி ஓட்டுகிறான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். முதல்முறை இருக்கைகள் சுழன்றபடியே சரிவில் இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. ஒரு ஜோடி இருக்கையில் இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் நிரப்பிய சோதனைப் பொம்மை, அந்தப் பக்கம் பாதி நிரப்பியது, இப்படி வைத்து ஓட்டினேன். காலையில் மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள் இருக்கை இரண்டு சுற்றுச் சுற்றியது. இடைவெளி விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். மதியம் ஐந்து சுற்று. கனமான பொம்மையின் கழுத்து கழன்று தொங்கியது. சுழற்சியை அடக்கும் காந்தப் பிரேக்கின் தகட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

பதிவேட்டில் ஏற்றும் முன் உன்னிடம் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
உன் நட்டு


மார்ச் 10

அன்பு நட்டு,

முப்பது வயதாகியும் சின்ன வயதில் நான் வைத்த அந்தப் பெயரை நீயே போட்டுக்கொள்கிறாயே, அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த பத்தியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

நீ கண்டது உண்மை. சாதாரண வண்டி நூறு முறை ஓடினாலும் ஒரே மாதிரிதான் ஓடும். சுழலும் இருக்கை அப்படியில்லை. பக்கத்தில் யார் உட்காருகிறார், எப்படிச் சாய்கிறார், அன்று வெயில் எப்படி, எல்லாமே அதன் போக்கை மாற்றும். கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு நடுவிலும் தகடு ஆறிவிடும் என்று வைத்துக்கொண்டேன். சூடேறினால் பிரேக்கின் பிடி தளரும். தப்பு என்னுடையது.

தடித்த தகடு செய்யச் சொல்லிவிட்டேன். ஆறு வாரம் ஆகும். திறப்பு விழாவுக்கு மூன்றே வாரம்தான். நீ இதைப் பதிவேட்டில் ஏற்றினால் திறப்பு நிற்கும், என் ஏழு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும். எனக்கு மட்டும் எழுது. அதுவரை ஒத்த எடை உள்ளவர்களை ஜோடி சேர்த்து உட்கார வை. மதியம் அரை மணி நேரம் நிறுத்து. அக்காவுக்காக இது செய்யமாட்டாயா?

அம்மாவின் கோபத்தை நீயே எப்படியாவது சமாளி.

ஆசையுடன்,
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

திறந்து ஒரு வாரம் ஆகிறது. கூட்டம் அலைமோதுகிறது. ஆளின் எடையைக் கண்ணால் அளந்து ஜோடி சேர்ப்பது லேசான வேலை இல்லை. கணவன் மனைவியைப் பிரித்தால் சண்டைக்கு வருகிறார்கள். ஓர் அம்மாள், "என்னைப் பாத்தா உனக்கு மூட்டை மாதிரி தெரியுதா?" என்று பிடித்துக்கொண்டார்.

மதியம் நிறுத்தியபோது மேலாளர் வந்தார்.

"எதுக்குப்பா நிறுத்துற? புக்குல ஏதாவது எழுதியிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஓட்டு."

ஓட்டினேன். தகடு எப்போது வரும்?

நட்டு


ஏப்ரல் 13

அன்பு நட்டு,

இன்னும் பத்து நாள். பல்லைக் கடித்துக்கொள். நான் இங்கே நாயாய் அலைந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நேற்று முன்தினம் மதியம் ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். அவள் தையல்காரி. மகளுக்கு எட்டு வயது இருக்கும். இருவரையும் பிரிக்கப் பார்த்தேன். குழந்தை, "அம்மா கூடத்தான் உக்காருவேன்" என்று அழுதது. பின்னால் வரிசையில் கத்தல். விட்டுவிட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

மூன்றாவது வளைவில் எண்ணினேன். ஐந்து.

வண்டி வந்து நின்றதும் குழந்தை கைதட்டிக்கொண்டே இறங்கியது. "அம்மா, எந்திரி" என்றது. அவள் எழவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "என் கை எங்க இருக்குன்னே தெரியல, தம்பி" என்றாள். கை அவள் மடியில்தான் இருந்தது.

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். அதில் ஒரு வரி இல்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வழக்கும் என்மேல்தான் வரும் என்கிறார்கள். உன் பெயரை நான் சொல்லவில்லை.

தம்பி


மே 16

என் கண்ணே,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. விசாரணைக் குழு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. "பராமரிப்புக் குறை", அதாவது ஃபிட்டரின் தப்பு, என்று தட்டச்சு செய்த காகிதத்தை நிர்வாகம் என் முன்னால் வைத்தது. கையெழுத்துதான் பாக்கி. உன்னிடம் மறைக்க மாட்டேன், பேனாவைத் திறந்துவிட்டேன். உன் முகம் கண்ணில் வந்து நின்றது. மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: தகடு, சூடு, எழுதாதே என்று உன்னைத் தடுத்தது, எல்லாம்.

வேலை போய்விட்டது. இனி இந்தத் துறையில் யாரும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். வழக்கு என்மேல் வரும். வரட்டும். உன் பெயரை எடுத்துவிடுவார்கள். என் தம்பி பிழைத்தான், எனக்கு அது போதும். இனியாவது நிம்மதியாக இரு. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

உன் அக்கா


ஜூன் 9

அக்கா,

வழக்கிலிருந்து என் பெயரை நீக்கியதாகக் கடிதம் வந்துவிட்டது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், உனக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

நான் தினமும் மருத்துவமனைக்குப் போகிறேன். அந்தப் பெண்ணின் கணவர் முதலில் உள்ளே விடவில்லை. பிறகு, அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டுவிட்டார். நேற்று அவளிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் ஓட்டினேன்." அக்கா சொன்னதால் பதிவேட்டில் எழுதவில்லை, பொத்தானை அழுத்தியது நான் என்றும் சொன்னேன். அவள் கேட்டாள்: "உங்க அக்கா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

வீட்டுக்கு வந்து உன் கடைசிக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன் வேலை இருக்கிறது, வழக்கு இருக்கிறது, நான் இருக்கிறேன், அம்மா இருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீ உண்மையைச் சொன்னதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் மாட்டிக்கொண்டது வேறு எவனோ ஒரு ஃபிட்டராக இருந்திருந்தால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாய். அதை நினைத்தால் உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது மாடி, ஜன்னலோரப் படுக்கை. பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. வருவதாக இருந்தால் அவளிடம் வா. எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

தம்பி