முன்விளக்குக்கு மிச்சம் வைத்த புளி

என் ஆசை மாப்பிள்ளை முத்தையாவுக்கு,

நம் வண்டிக்கு ஒரு கண் போய்விட்டது. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். நீ இருந்திருந்தாலும் வண்டியைத்தான் முதலில் விசாரித்திருப்பாய், என்னை இல்லை.

கிள்ளான் சந்தை வாசலில் ஒரு மாட்டுவண்டி பின்னால் நகர்ந்து வந்து இடித்துவிட்டது. முன்விளக்கைச் சுற்றியிருந்த வளையம் தெறித்து விழ, அதன்மேலேயே சக்கரமும் ஏறியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட இந்தக் கிழட்டு மோட்டாரை நாம் சேர்ந்து வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியபோது, அந்த வளையங்கள் இரண்டும் வெள்ளியாய் மின்னின. நினைவிருக்கிறதா? பிறகு அவை உன் கையில் மாட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமைதோறும் என் தங்கை பாக்கியம் சாமி விளக்கைத் தேய்த்துவிட்டு மிச்சம் வைக்கும் புளியைத் தேங்காய்ச் சிரட்டையோடு தூக்கிக்கொண்டு வருவாய். செங்கல்பொடியும் சேர்த்து அரக்கித் தேய்ப்பாய்.

"ஏய்யா மாப்பிள்ள, அது நிக்கல் பூச்சுய்யா, குத்துவிளக்கு இல்ல. உரிஞ்சு போயிரும்லா!" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"சாமிக்கு ஆகுற புளி இதுக்கு ஆகாதா மச்சான்?"

பூச்சு உரிந்தது. அடியிலிருந்த பித்தளை பல்லை இளித்தது. நீயோ தங்கம் கண்டெடுத்தவன் மாதிரிக் குதித்தாய். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க 'மஞ்சக்கண்ணு மோட்டார்' என்றே பெயராகிவிட்டது.

நொறுங்கியதை அள்ளிக்கொண்டு பட்டறைச் சீனரிடம் ஓடினேன். எப்படியாவது தட்டி நிமிர்த்தித் தரும்படி கெஞ்சினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "தா போலே லா, அண்ணே" என்று மலாயில் முடியாதென்று கையை விரித்துவிட்டார். வேறொரு உடைந்த மோட்டாரிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி மாட்டினார். அளவெல்லாம் சரிதான். ஆனால் நிக்கல் பூச்சு பளபளவென்று அப்படியே இருந்தது.

நீ போன பிறகும் வண்டிச் சத்தம் கேட்டால் பாக்கியம் வாசலுக்கு வந்து நிற்பாள். அன்றும் வந்தாள். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெள்ளை.

"யாரு வண்டிண்ணே இது?" என்றாள். பிறகு, "இனிமே இத வாசல்ல நிறுத்தாதீங்கண்ணே. பின்னாடி எங்கயாச்சும் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோன நாளிலாவது அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இப்போது அழவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வண்டி வீட்டுக்குப் பின்னால் போனது. சத்தம் கேட்டாலும் அவள் வெளியே வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். ஓரத்தில் உன் சிரட்டை இருந்தது. அன்று தேய்த்த புளியின் மிச்சம் அதில் ஈரமாக இருந்தது. அடியில் பழைய புளி காய்ந்து ஒட்டிக் கிடந்தது. நீ இல்லாத வெள்ளிக்கிழமைகளிலும் உனக்கு எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இது உனக்குத் தெரியுமா, மாப்பிள்ளை?

சிரட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வண்டிமுன் குந்தி, புது வளையத்தைத் தேய்த்தேன். செய்யாதே என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! செங்கல்பொடி கண்ணில் பட்டுவிட்டது என்றால் நீ நம்பமாட்டாய். அழுதுகொண்டேதான் தேய்த்தேன்.

பின்னால் குரல் கேட்டது. "செரட்டையக் காணோமேன்னு பாத்தேன்."

நான் திரும்பவில்லை. அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்படி இல்லண்ணே. அழுத்தித் தேய்ங்க. அவரு அழுத்தித்தான் தேய்ப்பாரு."

"பூச்சு போயிருமேம்மா."

"போகட்டும்ணே" என்று சொன்னவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வண்டி மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது. புது வளையத்தில் இன்னும் ஒரு கீறல்கூடச் சரியாக விழவில்லை. பித்தளை தெரிய வருஷக்கணக்கில் ஆகும். ஆகட்டும். என் கையில் தெம்பு இருக்கும்வரை உன் சிரட்டையில் புளி காயாது, மாப்பிள்ளை.

உன் பாக்கியத்துக்கு அண்ணன்,
உன்னைத் திட்ட ஆளில்லாமல் தவிக்கும் மச்சான்
வீராசாமி