வெட் ப்ளூ பதம்

தெர்மாகோல் பெட்டியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அப்படியும் நாற்றம் போகவில்லை. ஈரத்துணி சுற்றி பதினோரு மாதம் மூடி வைத்த களிமண் புளித்த நாற்றம். உனக்கென்றால் இது ஒரு நாற்றமே இல்லை. "நம்ப ஊர்ல நாறுறதுதான்டி சோறு போடுது" என்று சொல்லிச் சிரிப்பாய். சொல்ல நீ இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்ப் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன். சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

நமக்கும் மண்பாண்டத்துக்கும் என்ன சம்பந்தம், சொல். உன் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, சட்டி செய்தவர்கள் யாருமில்லை. மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ போனில் ஒரு வீடியோ காட்டினாய். யாரோ ஒருத்தி சுற்றுகிற சக்கரத்தில் மண்ணை வைத்து இரண்டு கையாலும் அணைத்து மேலே இழுத்தாள்.

"நாமளும் செஞ்சி பாக்கலாமாடி?"

"உனக்கு இன்னா, பைத்தியமா?" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடித் தகர ஷெட்டில், பழைய தையல் மெஷின் மோட்டாரைப் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தோம். முதல் மிதியிலேயே மண் பறந்துபோய் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியில் அப்பியது. அந்த வேட்டியைத் துவைத்துக் கொடுத்தவள் நான்தான் என்பதை நீ ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கருவி வாங்க நாம் கடைக்கே போகவில்லை. நீ டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவள், நான் ஷூ கம்பெனியில் கட்டிங். தோல் சீவுகிற கத்திதான் நமக்குச் சட்டியின் அடியைச் சீவியது. லைனிங்குக்கு வெட்டி மிஞ்சிய ஆட்டுத்தோல் துண்டை நனைத்து விளிம்பில் பிடித்தால், வழுவழுவென்று வந்துவிடும். முதலைத் தோல் அச்சுக் குத்திய ஒரு துண்டை ஈர மண்ணில் அழுத்தி நீ ஒரு டம்ளர் செய்தாய். வேப்பஞ்சாம்பலைக் கரைத்துப் பூசி, பழைய டிரம்மில் நாமே செய்த கேஸ் சூளையில் சுட்டோம். பளபளக்கும் என்று நினைத்தோம், தேமல் பிடித்த மாதிரி வந்தது. "பரவால்ல, மொதலைக்கு உடம்பு சரியில்ல" என்றாய்.

ஆனால் நம்மைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு வார்த்தை. அடி சீவுவதற்கு மண் 'லெதர் ஹார்ட்', அதாவது தோல் அளவுக்குக் கெட்டி, ஆக வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். வேறு ஊர்க்காரி யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். நாம் இருபது வருஷம் தோலில் கிடந்தவர்கள் ஆயிற்றே, சண்டை வந்துவிட்டது. எந்த லெதர்? நீ சோல் லெதர் என்றாய். விரல் முட்டியால் தட்டினால் டொக் என்று கேட்கும்வரை காத்திருந்தோம். கத்தி வழுக்கியது, சட்டி இரண்டாகப் பிளந்தது. நான் லைனிங் லெதர் என்றேன். அது சக்கரத்திலேயே தொப்பென்று குந்திவிட்டது. ஒரு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் ஏறும்போதே கத்தினாய், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது: "வெட் ப்ளூடி! நாம ரெண்டு பேரும் முட்டாளு!"

பதனிட்ட தோல் காயாமல் ஈரமும் நீலமுமாக இருக்கிற நிலை. தினமும் நூற்றுக்கணக்கில் உன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தள்ளிய தோல். "வெரல் வச்சா தடம் வுழணும், தண்ணி கசியக்கூடாது. அதான் பதம்." அதற்குப் பிறகு நம் சட்டி ஒன்றுகூட சீவும்போது போகவில்லை.

என்னுடையவை மட்டும் அதற்கு முன்பே போகும். விளிம்பு நன்றாக வந்திருக்கும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தடவுவேன், சரிந்துவிடும். நீ எதிரில் உட்கார்ந்து அதட்டுவாய்: "கைய எடு. கைய எடுடி, அது ஆயிடுச்சி." எடுக்கமாட்டேன். அதற்காக நீ என் புறங்கையில் அடித்ததும் உண்டு.

கடைசி ஞாயிறு நீ ஒரு கிண்ணம் செய்தாய். அகலமாக, உள்ளே உன் விரல் ஓடிய வரி அடியிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. அடி தடிமனாக இருந்தது. "நாளைக்கு சாய்ந்தரம் வந்து சீவிக்கிறேன், ஈரம் போவாம பாத்துக்கோ" என்றாய். திங்கட்கிழமை பஸ்ஸில் நீ இல்லை. காய்ச்சல் என்றார்கள். சனிக்கிழமை உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாயே, எத்தனை நாளைக்கு என்று சொன்னாயா?

பார்த்துக்கொண்டேன். ஈரத்துணி சுற்றி அந்தத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தேன். தினமும் திறப்பேன், தண்ணீர் தெளிப்பேன், மூடுவேன். வேலைக்குப் போனாலும் ஞாபகம் பெட்டியில்தான். காய்ந்துவிட்டால் என்ன செய்வது? காயாமல் இருந்தால் மட்டும் என்ன செய்வது? அதுவும் தெரியாது. உன்னுடையது வேறு எதுவும் மிச்சமில்லை. செய்ததையெல்லாம் ஊருக்குத் தானம் பண்ணினவள் நீ, முதலை டம்ளர்கூட எந்த வீட்டிலோ உடைந்துவிட்டது.

போன மாதம் உன் மகள் வந்தாள். "சித்தி, வருஷ நினைவு ஜெபத்துக்கு அம்மா போட்டோ முன்னாடி எதனா வெக்கணும். அம்மா கையால செஞ்சது ஒண்ணுமே இல்லயா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லத் துணிந்துவிட்டேன், கேட்டுக்கொள். பிறகு அவளைப் பார்த்தேன். உன்னை மாதிரியே கட்டைவிரலால் துப்பட்டா நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு இருக்கு. இன்னும் சுடல" என்றேன்.

சுடவேண்டுமானால் சீவவேண்டும். தடிமனான அடிக்குள் ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடும். ஆனால் அடிப்பக்கத்தில், நீ தூக்கி வைத்தபோது பதிந்த உன் நான்கு விரல் தடமும் இருந்தது. மூன்று நாள் கத்தியைத் தீட்டினேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. நான்காம் நாள் அழுத்திப் பார்த்தேன். தடம் விழுந்தது, தண்ணீர் கசியவில்லை. கவிழ்த்துச் சீவினேன். உன் விரல் ஒவ்வொன்றாகச் சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது. அழுதேன், ஆனால் கத்தியை நிறுத்தவில்லை. சீவலை எல்லாம் அள்ளி, மிச்ச மண் ஊறுகிற வாளியில் போட்டேன்.

ஒரு வாரம் காயவிட்டு நம் டிரம் சூளையில் வைத்தேன். துணைக்கு என் கப் ஒன்று. கேஸை மெல்ல ஏற்றினேன். மத்தியானத்துக்கு முன்னால் உள்ளே 'டப்' என்று கேட்டது. திறக்க முடியாதே! சூடு ஏறி, அணைத்து, ஆறும்வரை மாடிக்கும் கீழுக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ. மறுநாள் காலை மூடியைத் தூக்கினால், வெடித்தது என் கப். உன்னுடையதையே நினைத்துக்கொண்டு அதன் அடியைச் சீவ மறந்திருக்கிறேன். ஒரு சில்லு தெறித்து உன் கிண்ணத்தின் விளிம்பில் சின்னதாகப் பல் பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். மற்றபடி முழுசு. சிவப்பு. தட்டினால் கணீரென்றது.

நேற்று உன் மகள் வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். அவள் வாங்கப் பார்க்கிறாள், வரவில்லை. என் கட்டைவிரல் உள்ளே, உன் வரியின்மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"சித்தி," என்றாள் மெதுவாக. "கைய எடுங்க."

குரல்கூட உன்னுடையதேதான்டி.

எடுத்தேன்.

வாளியில் சீவல் கரைந்துவிட்டது, எது உன் விரல் எது என் மண் என்று தெரியவில்லை. நாளைக்கு ஞாயிறு. அதைப் பிசைந்து சக்கரத்தில் வைக்கப்போகிறேன். விளிம்பு வந்ததும் கையை எடுத்துவிடுவேன். எடுக்கப் பார்க்கிறேன்.