மரச்சீனி இலை

பெபிஷா அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பேச்சிப்பாறைப் பக்கம் நல்ல மழை, ஆடுகளுக்குப் புல்லுக்குக் குறைவில்லை.

போனில் பேசினால் பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் பிபினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் நம் கறுத்த செம்மறி நுரை தள்ளியது. "விளையில மரச்சீனி எலயத் தின்னிருக்கும், அம்மா" என்றாள் பெபிஷா. நானும் அப்படித்தான் நினைத்தேன். கிழங்கு இலை விஷம் ஆட்டுக்கு ஏறுவது நம் வீட்டில் அடிக்கடி நடக்கிறதுதானே. அவள் ஆட்டின் தாடையை விரித்துப் பிடித்துக்கொள்ள, நான் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினேன். இலை ஒன்றும் இல்லை. அவள் விரலில் புல்லறுத்த காயம் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாள் ஆடு செத்துப்போனது. மாட்டு டாக்டர் வந்து, "வெறிநாய் வல்லதும் கடிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே பின்னங்கால் ரோமத்தை விலக்கினார். பல் பதிந்திருந்தது.

இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். முழுசாகப் போட்டுவிட்டால் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீங்கள் பதற வேண்டாம். போனில் இதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம்.

ஆனாலும் காலையில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தால், அது தொண்டையில் இறங்கும் வரை அங்கேயே நிற்கிறேன். "என்னத்தம்மா பாக்குத?" என்பாள். ஒன்றுமில்லை என்று ஆட்டுக்கூட்டைப் பெருக்கப் போய்விடுவேன்.

இன்று அடுக்களையில் நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கதவோரம் அவள் நின்றிருந்தாள், என் தொண்டையையே பார்த்தபடி.

உங்கள் வீட்டுக்காரி