பன்னிரண்டு கம்பி, ஒரே ஆள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி நம் ஊர் அரங்கத்தில் என் பாட்டுக் கச்சேரி. லீவு கிடைக்காது, நாலு பாட்டுக்கும் கிதார் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்றாய். நேற்றுதான் பென் டிரைவ் வந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்த கையைக்கூடக் கழுவாமல் போட்டுக் கேட்டேன். நம் பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டை எங்கே எடுப்பது என்று தெரியாமல் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடினேன். யாராவது பார்த்திருந்தால் மீன் என்று நினைத்திருப்பார்கள்.

பழைய ஆறு கம்பி கிதாரில் ஒழுங்காக வாசித்து அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. ஆறு கம்பியைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது.

பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவதைக் கேட்டுவிட்டு அறைக்கு வந்து இந்தப் பன்னிரண்டு கம்பி கிதாரை மடியில் வைத்தால்தான் மூச்சு சீராகிறது. கட்டைவிரல் அடியில் நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேலே வேறு கதை பேசும். கம்பிகள் ஜோடி ஜோடியாக இருப்பதால் ஒவ்வொரு சுரமும் இரண்டாக எழும். ஒன்றை ஒன்று துளி முந்தும். அந்தத் துளியில்தான் அத்தனை மினுமினுப்பும். சுருதி சேர்க்கவே அரை மணி நேரம். கடைசிக் கம்பிக்கு வருவதற்குள் முதல் கம்பி இறங்கியிருக்கும். தூக்கி எறியலாம் போல வரும். எறிய முடியவில்லை.

இன்னொன்று அனுப்பியிருக்கிறேன். கேள்.

உன் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

கேட்டேன். இதிலும் எனக்கு இடமில்லை. நான் கேட்டது கூட நடந்து வர ஒரு ஆள். நீ அனுப்புவது ஊர்வலம். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. வாசிப்பாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மாட்டேன்.

சொல்லத் துணிவில்லாமல்தான் இழுத்தடித்தேன். பதினைந்து வருடம் மேடையில் உன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எல்லோரும் உன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். என்னிடம், “தம்பி, அந்த ஒயரைச் சுத்தி வெச்சிருங்க” என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இந்தப் பன்னிரண்டு கம்பியை வாசிக்கும்போது யாருக்காகவும் நிறுத்திக் காத்திருக்க வேண்டியதில்லை. உன் குரல் எனக்குப் பிடிக்கும். ஆனால் இதற்குள் அதற்கு இடம் விட்டால், மறுபடி அந்த நாற்காலிக்கே போய்விடுவேன்.

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

கச்சேரி நடந்தது. கீபோர்டு வாசிக்கிறவர் ஒருவரைப் பிடித்தேன். இரண்டாவது பாட்டில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தோம். உன்னோடு ஒருமுறைகூட அப்படி ஆனதில்லை. நான் திரும்பிப் பார்க்காமலே நீ கூடவே வருவாய். அதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நேற்று மதியம் கடையில் உன் பதிவைப் போட்டேன். திட்டிக்கொண்டே கேட்கத்தான். பிரேம் பொருத்துகிற பெண் வேலையை நிறுத்திவிட்டு, “எத்தன பேரு வாசிக்கிறாங்க, அக்கா?” என்றாள்.

“ஒருத்தன்தான். என் தம்பி.”

“பாட்டு எப்ப வரும்?”

“வராது. இதுதான் பாட்டு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்புறம் இரண்டு பேரும் கடைசிவரை கேட்டோம்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இப்படி அல்லாடியிருக்க மாட்டேன். அது அப்படியேதான் இருக்கிறது.

ஜூனில் வரும்போது அந்தக் கிதாரைக் கொண்டு வா. மேடைக்கு இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். கீபோர்டுக்காரரோடு பழகிக்கொள்கிறேன். பாவம், அவரும் என்னோடு பழக வேண்டும்.

உன் அக்கா