ரோசியின் தளர்ந்த பின்னல்

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. எதிரே ஹந்தானை மலை தெரியவில்லை. சீப்பில் இன்றும் ஒரு கொத்து. வகிடு ஒரு விரல் அகலம். நெற்றியோரம் பளபளப்பு.

வியாழன் தோல் டாக்டர். கிளினிக் பெண் போனில்: "வர்றதுக்கு முந்தி தலைக்குக் குளிக்காதீங்கம்மா. சீவவும் வேணாம்." பார்க்கலாம்.

மாலை ரோசி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, கம்பளையிலிருந்து வந்தாள். வயது அறுபத்தெட்டு. இடுப்பு வரை முடி, நரைத்தும் அடர்த்தி. கட்டத் தெரியாது. எப்போதும் சரிந்து தொங்கும் பின்னல். நான் படித்த கான்வென்டில் என்றால் மதர் பிரம்பை எடுத்திருப்பார்.

"மெலிஞ்சிட்டீங்க அக்கா." பார்த்தது என் தலையை.

முன்பொரு கிறிஸ்மஸில் என் வீட்டுக்காரர் சொன்னது: "தம்பி பொஞ்சாதிக்கு என்னா முடி!" சொன்னவர் மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் மறக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

சீவாத தலையோடு பஸ் ஏறுவதா? குளித்து, எண்ணெய் வைத்து, உதிர்வதெல்லாம் உதிரும்வரை சீவி, கொண்டை. பதினொரு ஊசி. கடைசி ஊசியில் கண்ணில் நீர் வர வேண்டும். அதுதான் அளவு.

டாக்டர் சின்னப் பெண். கொண்டையை அவிழ்த்தாள். ஒரு பிடி முடியை விரலிடுக்கில் வைத்து மெல்ல இழுத்தாள். மூன்று இடத்தில். ஒன்றும் வரவில்லை.

"உதிர்வு இல்லையே! குளிக்காம, சீவாமத்தானே வந்தீங்க?"

"ஆமாம்."

பொய். பரீட்சையில் தேறியது போல் இருந்தது, அதனால். ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தாள்: இரும்புச் சத்து, தைராய்ட்.

ரோசிக்குப் போன். "ஒரு முடிகூட உதிரல." அவள்: "அப்பாடா, சந்தோஷம்க்கா." உண்மையாகவே சந்தோஷப்படுகிறாள்! எரிச்சல்.

ஜூன் 14, சனி

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் ரொட்டி இல்லை, பால் மா இல்லை. வெள்ளைத் தலையணை உறை முழுக்க முடி. டாக்டரிடம் பொய் சொன்னால் மொட்டை யாருக்கு? கிளினிக்குக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். "செவ்வாய் வாங்க. இந்தத் தடவ சீப்பத் தொடாதீங்க."

சீப்பு அலுமாரியில். பூட்டி.

ஜூன் 17, செவ்வாய்

தலையில் முக்காடு, த்ரீவீலர். ரோசியும் தொற்றிக்கொண்டாள்.

இழுத்த இழுப்பில் ஒன்பது. வெள்ளைத் தாளில் வைத்து எண்ணினாள் டாக்டர். பிறகு பூதக்கண்ணாடி. ரத்தப் பரிசோதனை முடிவில் இரும்பு குறைவு. உச்சியில் வயதின் மெலிவு. இரண்டுக்கும் மருந்து உண்டு. நெற்றியோரம் வேறு கதை.

"எத்தன வருஷமா இறுக்கிக் கட்டுறீங்க?"

"கான்வென்ட் நாள்ல இருந்து. அறுபது வருஷம்."

"இழுத்து இழுத்தே வேர் செத்துப்போச்சும்மா. அங்க இனி முளைக்காது. மிச்சத்தக் காப்பாத்தலாம். தளர்வாப் பின்னுங்க." சுற்றிப் பார்த்து ரோசியைக் காட்டினாள். "இந்தா, இவங்கள மாதிரி."

ரோசி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

ஜூன் 18, புதன்

வெயில். இரும்பு மாத்திரை, காலை ஒன்று. பின்னல் மூன்று தடவை போட்டு அவிழ்த்தாயிற்று. கை தானாக இறுக்குகிறது.

ரோசி நேற்று போகவில்லை, இங்கேயே தங்கிவிட்டாள். "சீப்பக் குடுங்கக்கா."

கொடுத்தேன். பின்னினாள்.

வலிக்கவே இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.