பேனரில் என் படம்

மஸ்கட்

அன்பு சுடலைச்செல்விக்கு,

வெயிலுமுத்து எழுதுதேன். நீயும் பாப்பாவும் சுகந்தான? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இதையெல்லாம் போன்ல சொல்ல முடியல. அதான் கூட வேலை பாக்குற முப்பிடாதி ஊருக்கு வாரான்னு அவன்கிட்ட குடுத்து விடுதேன்.

பாப்பா காதுகுத்து வீடியோ பாத்தேன். நம்ம பசுவந்தனை ஊரே திரண்டு வந்திருக்கு. பேனர்ல செத்துப்போன எங்க அப்பா படத்துக்குப் பக்கத்துல என் படத்தையும் போட்டு, ரெண்டு பேருக்கும் 'தெய்வத்திரு'ன்னு அடிச்சிருக்கான் பிளக்ஸ் கடைக்காரன். ரெண்டு படத்தையும் சேத்து அனுப்பிருப்பிய. ரூம்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

ஆனா ஊரே அதுக்குக் கீழ நின்னுதான் போட்டோ எடுத்திருக்கு. அவன் உசுரோடதான இருக்கான்னு ஒருத்தராவது கேட்டாவளா? வேலை நெருக்கடில நீ பாத்திருக்க மாட்டே. நாலு வருசம் ஆச்சுல்லா. முதலாளி பாஸ்போர்ட்டைக் குடுத்தா நாளைக்கே வந்துருவேன்.

அந்தப் பேனரை ஆட்டுக்கொட்டாய்க்கு மேல போட்டா என் மூஞ்சி உள்பக்கம் இருக்கட்டும். இதோட புதுப் படம் ஒண்ணு வச்சிருக்கேன். வீட்டுல மாட்டு, பொட்டு மட்டும் வச்சிராத.

முப்பிடாதிக்கு வேன் வந்துட்டு, முடிக்கேன். வீடியோவுல பாப்பா என் படத்தைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுது. அடுத்து நான் போன் பண்ணும்போது புள்ளை பயந்துராம பாத்துக்கோ.

வெயிலுமுத்து