தோற்றவரின் நாற்காலி

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நானும் மகளும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், ஜெயித்ததற்கு வாழ்த்துகள். யானையைப் பறிகொடுத்துவிட்டு, இனி கைகுலுக்கிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான் என்ற நிலைமையிலிருந்து, உங்கள் ஆஸ்பத்திரி செஸ் போட்டியில் இதுவரை யாரிடமும் தோற்காத அந்த மருந்தாளரையே கவிழ்த்திருக்கிறாய். மகள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். பால்காரர்கூட நிறுத்தி விசாரித்தார். நானும் பல்லைக் காட்டி ஆமாம் ஆமாம் என்றேன்.

ஆனால் கடிதத்தில் ஆட்டம் ஒரு பக்கம்தான். மீதியெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு நடந்த கதை. உங்கள் செஸ் சங்கத்தில் தோற்றவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜெயித்தவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, இருவருமாகத் தவறுகளை அலச வேண்டுமாமே. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம் அது? எதிரே உட்கார்ந்தால் காய் கண்ணுக்குத் தெரியாதா? அவர் எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். தெரியாது, தாயே. நான் இங்கே ஊரார் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், வயிற்றெரிச்சல்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை நீ எழுதியனுப்பிய நகர்த்தல்களைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். மகள் உன் பக்கம், நான் அந்த மனுஷன் பக்கம். ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜில் கேஸ் எங்கே கசிகிறது என்று குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவித் தேடுகிறவன் நான், எனக்கு அவசரமே கிடையாது. கடைசியில் அகப்பட்டது. உன் குதிரை அவர் ராஜாவுக்கும் ராணிக்கும் சேர்த்துக் குறிவைத்ததே, அதற்கு முந்தின நகர்த்தல். உன் ராஜா மூலையில், தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவர் யானையை நேரே உன் கடைசி வரிசையில் இறக்கியிருந்தால் அதோடு ஆட்டம் குளோஸ். அவரோ அந்த யானையைக் கொண்டுபோய் ஓரத்தில் கிடந்த ஒரு சோப்ளாங்கிச் சிப்பாயை வெட்டியிருக்கிறார்.

மகளுக்கே காட்டியதும் புரிந்துவிட்டது. சாம்பியனுக்குத் தெரியாமல் போகுமா? வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரா? சரி, பதற்றத்தில் கோட்டை விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு, காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தவறு தேடினீர்களே, அப்போதுமா கண்ணில் படவில்லை? பலகையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

மேலே உள்ள வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அம்மா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் இஷ்டம் என்று எழுதுவேன் என்றுதான் நீ எதிர்பார்த்திருப்பாய். நல்ல புருஷன் அப்படித்தான் எழுதுவான். நான் என் இஷ்டத்தை எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த ஆட்டத்திலும் நீதான் ஜெயிக்க வேண்டும், மனசாரச் சொல்கிறேன். ஜெயித்ததும் நேரே அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கு.

இப்படிக்கு,
இன்னமும் உன் வீட்டுக்காரன்